சாயத் தண்ணீரை வெளுக்கும் வெள்ளைத் தூள்: நிறம் போனால் போதுமா?

ஒரு கண்ணாடிக் குடுவையில் நீலச் சாயம் கலந்த தண்ணீர் இருக்கிறது. அதில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைப் போடுகிறார்கள். குடுவையை வெயிலில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

நேரம் ஆக ஆக நீலம் வெளுக்கிறது. கடைசியில் நிறமே இல்லை. தூளை வடித்து எடுத்துவிட்டால், குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்து நிற்கிறது.

இதில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. உலகம் முழுவதும் ரசாயனக் கூடங்களில் நடத்திக் காட்டப்படும் சோதனைதான் இது. வெள்ளைத் தூளின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. வெயில் பட்டால்தான் அது வேலை செய்யும். இருட்டில் வைத்தால் சும்மா கிடக்கும். அதனால் இதற்கு "ஒளி வினையூக்கி" என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் இருந்து பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்திருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அல்ல. சாயத் தண்ணீரால் ஓர் ஆறு கெட்டதையும், அதனால் பட்டறைகள் மூடப்பட்டு வேலை போனதையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். "அந்தத் தூளை அப்போதே போட்டிருக்கலாமே" என்ற கேள்வி அவர்கள் மனதில் எழுவது இயற்கை.

போட்டிருந்தால் ஆறு பிழைத்திருக்குமா?

வீட்டிலேயே இருக்கும் தூள்

டைட்டானியம் டை ஆக்சைடு புதிய பொருள் அல்ல. வெள்ளைப் பெயிண்டின் வெண்மை அதனால்தான் வருகிறது. பற்பசை, முகப்பவுடர், பிளாஸ்டிக் சாமான், காகிதம் என்று பலவற்றிலும் அது கலக்கப்படுகிறது.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கேரளத்தின் சவரா பகுதியிலும் கிடைக்கும் கருமணலில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. டைட்டானியம் எடுப்பதற்கு அதுதான் மூலப்பொருள். கறுப்பு மணலில் இருந்து இத்தனை வெள்ளையான தூள் வருகிறது.

பெயிண்டர் வேலை செய்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வெயில் படும் இடத்தில் அடித்த பழைய வெள்ளைப் பெயிண்டைக் கையால் தேய்த்தால், சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டும். நிழலில் இருக்கும் பக்கம் அவ்வளவு ஒட்டாது.

காரணம் இந்தத் தூள்தான். வெயில் பட்டதும், தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பெயிண்டின் பசையை அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்து விடுகிறது. இதைத் தடுக்க, பெயிண்டுக்குப் போகும் தூளின் மேல் சிலிக்கா, அலுமினா போன்றவற்றை மெல்லிய தோலாகப் பூசி அனுப்புகிறார்கள்.

பெயிண்ட் கம்பெனிகளுக்குத் தொல்லையாக இருந்த அதே குணத்தைத்தான், தண்ணீரைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தலாம் என்று விஞ்ஞானிகள் பிற்பாடு கண்டார்கள்.

டோக்கியோவில் கிளம்பிய குமிழி

1967-ம் ஆண்டு. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா புஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர், பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவின் கீழ் வேலை செய்து வந்தார். டைட்டானியம் டை ஆக்சைடு படிகம் ஒன்றைத் தண்ணீரில் வைத்து, பலமான விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சினார். படிகத்தில் இருந்து குமிழிகள் கிளம்பின.

அந்தக் குமிழி ஆக்சிஜன். கம்பியால் இணைத்த மறுபக்கத்துப் பிளாட்டினத் தகட்டில் ஹைட்ரஜன் வந்தது. ஒளியே தண்ணீரை இரண்டாகப் பிரிக்க உதவியிருந்தது! 1972-ல் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இருவரும் இதை வெளியிட்டார்கள். மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. வெயிலில் இருந்து எரிபொருள் எடுக்கலாமா என்று உலகமே இந்தப் பக்கம் திரும்பியது.

எரிபொருள் விஷயம் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. ஆனால் வேறொரு கதவு திறந்தது. 1977-ல் அமெரிக்காவில் பிராங்க், பார்டு என்ற இருவர், சயனைடு கலந்த தண்ணீரில் இந்தத் தூளைப் போட்டு ஒளி பாய்ச்சினார்கள். சயனைடு சிதைந்தது. முலாம் பூசும் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு, சயனைடு எப்பேர்ப்பட்ட விஷம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் சாயம், பூச்சிமருந்து, பினால், மருந்துக் கம்பெனிக் கழிவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1985-ல் ஜப்பானில் கிருமிகளும் சாவதைக் கண்டார்கள்.

தூள் எப்படி வேலை செய்கிறது?

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. அந்தக் கதிர் தூளின் மேல் படும்போது, உள்ளே கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரான் ஒன்று துள்ளி எழுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது.

காலியான இடம் சும்மா இருக்காது. பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் இருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கிக் கொள்ளும். அப்போது "ஹைட்ராக்சில்" என்ற துணுக்கு பிறக்கிறது. துள்ளி எழுந்த எலெக்ட்ரானைத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் வாங்கிக் கொள்கிறது. அதனால்தான் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று கலக்காவிட்டால் வேலை படுத்துவிடும்.

ஹைட்ராக்சில் துணுக்கு பொல்லாதது. கிணற்றில் போடும் குளோரினைவிடப் பலமடங்கு வேகமாகத் தாக்கும். எதிரே வரும் சாயத்தையோ பூச்சிமருந்தையோ கடித்து, உடைத்து, மறுபடியும் உடைக்கும். கடைசிவரை விட்டால் கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் உப்பு ஆகியவைதான் மிஞ்சும்.

ஆனால் அதன் ஆயுள் மிக மிகக் குறைவு. ஒரு வினாடியைக் கோடிக்கணக்கில் கூறு போட்டால் எவ்வளவோ, அவ்வளவு நேரம்தான். ஆகவே தூளின் மேல் ஒட்டியிருப்பதையும் அதன் அருகில் இருப்பதையும்தான் அது தாக்க முடியும். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது இதனால்தான். ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதாயிரம் துகள்களை வரிசையாக அடுக்கலாம். அத்தனை நைஸ்!

மற்ற முறைகளுக்கும் இதற்கும் வித்தியாசம்

சாயக் கழிவில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் சாயம் திரண்டு சேறாக அடியில் படியும். தண்ணீர் தெளியும். சாயம் அழியவில்லை, தண்ணீரில் இருந்து சேற்றுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி.

கரித்தூளில் வடித்தாலும் அதே கதைதான். சாயம் கரியில் ஏறிக்கொள்ளும். கரி நிறைந்தபின் அதை எரிக்கவோ புதைக்கவோ வேண்டும்.

ஒளி வினையூக்கி மட்டும் சாயத்தை இடம் மாற்றாமல் அழிக்கிறது. தூளும் செலவாவதில்லை, திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். விஞ்ஞானிகள் இதன்மேல் ஆசை வைத்ததற்குக் காரணம் அதுதான்.

பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி

பழைய பெங்களூர்க்காரர்கள் "டாட்டா இன்ஸ்டிடியூட்" என்று சொல்லும் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. எம்.எஸ்.ஹெக்டே, கிரிதர் மதராஸ் ஆகியோரின் குழுவினர், கிளைசின் என்ற பொருளை எரிபொருளாகக் கலந்து உலையில் சட்டென்று எரியவிட்டு, மிக நைசான டைட்டானியம் தூளைத் தயாரித்தார்கள்.

பல வகைச் சாயங்களில் அதைச் சோதித்தபோது, கடைகளில் கிடைக்கும் பெயர் பெற்ற தூளைவிட வேகமாக வேலை செய்தது. விளக்கொளியில் மட்டும் அல்லாமல் நேரடி வெயிலிலும் சோதித்து, 2003, 2004-ம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெயில் அடிக்கும் நாடு நம்முடையது. அப்படியானால் தடை என்ன?

குடுவையில் சரி, குளத்தில்?

முதல் தடை வெயிலிலேயே இருக்கிறது. இந்தத் தூளுக்கு வேண்டியது புற ஊதாக் கதிர். பூமிக்கு வந்து சேரும் வெயிலில் அது நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான். மீதி வெயில் எவ்வளவு சுட்டாலும் இதற்குப் பயன்படாது. நைட்ரஜன், வெள்ளி, இரும்பு என்று பலதைக் கலந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யவைக்க முயன்று வருகிறார்கள்.

இரண்டாவது தடை, கழிவின் கலங்கல். சாயம் அடர்த்தியாக இருந்தால் சாயமே ஒளியைக் குடித்துவிடும். தூளுக்குப் போய்ச் சேராது. தூள் கலந்த தண்ணீரும் பால்போல் இருக்கும். ஒளி சில சென்டி மீட்டர் ஆழத்துக்கு மேல் புகாது. எனவே ஆழமான தொட்டி உதவாது. மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். தினமும் லட்சக்கணக்கான லிட்டர் கழிவு வரும் ஆலைக்கு, எவ்வளவு இடம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது தடை, தூளைத் திரும்ப எடுப்பது. அவ்வளவு நைசான தூள் சாதாரண வடிதுணியில் நிற்காது. தண்ணீரின் அமிலத்தைச் சரிசெய்து நடுநிலைக்குக் கொண்டுவந்தால் தூள் திரண்டு படியும். கண்ணாடியிலோ ஓட்டிலோ தூளை ஒட்டவைத்துவிட்டால் வடிக்க வேண்டியதில்லை. ஆனால் வேகம் குறையும்.

நான்காவது, இரவு. வெயில் போனால் வேலை நின்றுவிடும். ஆனால் சாய ஆலை மூன்று ஷிப்டும் ஓடுகிறது. விளக்கு போட்டால் கரண்ட் செலவு ஏறும்.

ஸ்பெயின் காட்டிய வழி

இத்தனை தடைகள் இருந்தும் உருப்படியாகச் செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் தெற்கே உள்ள அல்மேரியா. வெயில் கொளுத்தும் வறண்ட பகுதி. அங்கே இருக்கும் சூரிய சக்தி ஆராய்ச்சி நிலையத்தில், 1990-களில் இருந்து கழிவு நீரை வெயிலால் சுத்தம் செய்யும் சோதனைகள் நடந்து வருகின்றன.

வளைந்த அலுமினியத் தகடுகளின் மேல் கண்ணாடிக் குழாய்களைப் பதித்தார்கள். எந்தப் பக்கம் இருந்து வெயில் வந்தாலும் தகடு அதைக் குழாயின்மேல் திருப்பிவிடும். சூரியனைத் தொடர்ந்து திருப்புவதற்கு மோட்டார் தேவை இல்லை.

அதே பகுதியில் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பண்ணைகள் பல்லாயிரம் ஏக்கரில் பரந்து கிடக்கின்றன. அங்கே காலியாகும் பூச்சிமருந்து டப்பாக்களைக் கழுவி மறுபடி உபயோகத்துக்கு அனுப்ப வேண்டும். கழுவிய தண்ணீரை என்ன செய்வது? 2004-ல் அதற்கென்றே ஒரு வெயில் நிலையம் அமைத்தார்கள். ஏறத்தாழ 150 சதுர மீட்டர் பரப்பில் குழாய்கள் வைக்கப்பட்டன.

அதில் டைட்டானியத்துக்குப் பதிலாக இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்தார்கள். பென்டன் என்ற ஆங்கில ரசாயன விஞ்ஞானி 1894-ல் கண்ட முறை அது. வெயில் பட்டால் அதே இரும்பு மறுபடி மறுபடி வேலைக்கு வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியையும் அது பயன்படுத்திக் கொள்ளும். ஆனால் தண்ணீரை நன்றாக அமிலமாக்கிவிட்டு, பிறகு சரிசெய்ய வேண்டும்.

ஸ்பெயின்காரர்கள் ஊர்ச் சாக்கடை முழுவதையும் வெயிலில் காட்டவில்லை. அளவில் குறைவான, விஷம் அதிகமான, நுண்ணுயிர்களால் தின்ன முடியாத கழிவை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். வெயில் அதைத் தின்னக்கூடியதாக உடைத்துக் கொடுத்தால் போதும். மீதியை நுண்ணுயிர்கள் பார்த்துக் கொள்ளும். இந்த முறைக்குப் பொருத்தமான இடம் இதுதான்.

நிறம் போனது, உப்பு போகவில்லை

இப்போது திருப்பூருக்கு வருவோம்.

பனியன் துணிக்குச் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு, ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 60 கிராமுக்கு மேல்கூட உப்பு போடுகிறார்கள். துணியில் சாயம்தான் ஏறும். உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்கென்று அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் முடிந்தது. அதில் வந்து தேங்கியது சாயக் கழிவு. பாசனத்துக்கு வைத்த தண்ணீரை "எங்களுக்கு வேண்டாம்" என்று விவசாயிகளே சொன்னார்கள். நிலமும் கிணறும் உப்பாகிப் போயின.

வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. விவசாயிக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் பட்டறைக் கூலிக்காரருக்கு ஒரே நாளில் வேலை போனது. உப்பைப் போட்டவரும் அவர் அல்ல. ஆற்றில் விடச் சொன்னவரும் அவர் அல்ல.

அங்கே வெள்ளைத் தூளைப் போட்டிருந்தால் சாயம் போயிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். ஆனால் உப்பு ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. ஒளியால் உப்பை உடைக்க முடியாது. சாயம் உடையும்போது அதில் இருந்து சல்பேட்டும் நைட்ரேட்டும் வந்து உப்பைக் கொஞ்சம் கூட்டவே செய்யும். போதாததற்கு, தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் அது ஹைட்ராக்சில் துணுக்குகளை விழுங்கி வேலையை மந்தப்படுத்தும்.

தெளிந்த தண்ணீரைப் பார்த்து நம்பி, அதை வயலுக்குப் பாய்ச்சியிருந்தால்? கறுப்பாக வந்த தண்ணீராவது "என்னைத் தொடாதே" என்று எச்சரித்தது. நிறம் இல்லாத உப்புத் தண்ணீர் அதையும் சொல்லாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான சாயங்களில் நிறத்தைத் தருவது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு கண்ணி. அந்தக் கண்ணி அறுந்ததும் நிறம் போய்விடும். ஆனால் மீதித் துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கும். அரைகுறையாக உடைந்த துண்டுகளில் சில, முழுச் சாயத்தைவிடக் கெடுதல் ஆனவை. புற்று நோய் தரக்கூடிய அமீன்கள் உண்டாகும் என்பதால், சில வகைச் சாயங்களை இந்திய அரசு 1997-ல் தடை செய்தது. ஆகவே நிறம் போனதும் நிறுத்திவிடக் கூடாது. துண்டுகளும் அழியும்வரை ஒளி பட வேண்டும். அதற்கு நேரமும் செலவும் அதிகம்.

கண்ணை நம்பாதே, கணக்கைப் பார்

சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை செய்பவர்களுக்கு சி.ஓ.டி., டி.டி.எஸ். என்ற இரண்டு கணக்குகள் தெரியும். முதலாவது, உடைபடக்கூடிய அழுக்கு எவ்வளவு மிச்சம் என்று காட்டும். இரண்டாவது, கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும். ஆற்றில் விடும் கழிவில் லிட்டருக்கு சி.ஓ.டி. 250 மில்லி கிராமுக்கும், டி.டி.எஸ். 2,100 மில்லி கிராமுக்கும் மேல் போகக் கூடாது. நொய்யல் வழக்கில் பேசப்பட்ட உப்பு அளவு இந்த 2,100தான்.

வெள்ளைத் தூள் முதல் கணக்கைத் தீர்க்கும். இரண்டாவதைத் தீர்க்காது. அதற்கு, நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிழிந்து எடுக்கும் ஆர்.ஓ. வேண்டும். மிஞ்சும் உப்புக் குழம்பைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். திருப்பூரில் பிறகு வந்த ஏற்பாடு இதுதான். செலவு பிடித்தது, ஆனால் உப்பைத் திரும்ப எடுத்துச் சாயத் தொட்டிக்கே அனுப்ப வழி பிறந்தது. ஆர்.ஓ. சவ்வை அடைத்துக்கொள்ளும் பிடிவாதமான அழுக்கை முன்கூட்டியே உடைத்துக் கொடுக்க ஒளி முறை உதவலாம். வரிசையில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் வரிசையே அது ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

இங்கே விட்டால் ஓசூரில் நுரை

வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஆறு தூரத்து விஷயம் அல்ல. பெங்களூரின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூர், 2015, 2017, 2018-ம் ஆண்டுகளில் தீப்பிடித்து எரிந்து செய்தியானது. அந்த ஏரியின் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேருகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதப்பதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அதுவும் இந்த ஆறுதான். நகரின் மேற்கே ஓடும் விருஷபாவதியோ அர்க்காவதியில் சேர்ந்து, பிறகு காவிரியில் கலக்கிறது.

இங்கே சாக்கடையில் விடுவது ஊருக்குத்தான் போகிறது.

பெல்லந்தூர் ஏரியில் தூளைக் கொட்டிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே வருவது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடை. அதைத் தின்பதற்கு நுண்ணுயிர்கள் போதும். குழாய் போட்டு நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தால் போதும். மலிவான வழி இருக்கும் இடத்தில், விலை கூடிய வழி தேவை இல்லை. சாயப்பட்டறை, முலாம் பட்டறை, மருந்துக் கம்பெனி இவற்றின் கழிவை ஊர்ச் சாக்கடையில் கலக்கவிடாமல் தனியாகப் பிடித்தால்தான் ஒளி முறைக்கு வேலை கிடைக்கும். கலந்த பிறகு அது சில கிராம் விஷத்தைத் தேடிப் பல லட்சம் லிட்டரைத் துழாவ வேண்டியிருக்கும்.

வெயில் இலவசம். தூளும் கிடைக்கிறது. ஆனால் எந்தக் கழிவு, எவ்வளவு கழிவு, அதில் உப்பு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வெயிலில் வைக்க வேண்டும். பட்டறையில் இருந்து தெளிந்த தண்ணீர் வெளியே வந்தால், "நிறம் போய்விட்டதே" என்று திருப்திப்பட்டு விடாமல், "கணக்கு எவ்வளவு?" என்று கேட்கத் தெரிந்த தொழிலாளிகள் நாலு பேர் உள்ளே இருந்தால், ஆறும் பிழைக்கும், பட்டறையும் மூடாமல் நடக்கும்.